உன் கைகளில் பிழை இல்லை

மகன்,

இங்கே அப்பாவும் நானும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருப்பாய் என்று எழுதித்தான் எப்போதும் தொடங்குவேன். இந்த முறை அப்படி எழுதக் கை வரவில்லை. நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும். போன வியாழக்கிழமை ஜெசிந்தா சந்திக் கடை ரெலிபோனுக்கு எடுத்திருந்தாள். கடைக்காரர் ஆளனுப்ப, பள்ளிக்கூடத்தால் வந்த சேலையோடேயே ஓடிப்போனேன். பேத்திக்குத்தான் ஏதோ என்று பயந்தேன். "பிள்ளை நல்லா இருக்கிறாள் மாமி, பாலும் குடிக்கிறாள்" என்று உன் மனிசி முதலில் சொன்னாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "மாமி, இவர் பிள்ளையைத் தூக்கிறாரில்லை. பிறந்து பன்ரண்டு நாளாச்சுது, ஒருக்காலும் தூக்கேல்லை. என்ர சிசேரியன் காயத்தை ஒருக்காப் பாருங்கோ எண்டால், ஒரு நேர்ஸ் மிஸியைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டிட்டு வாசல்ல நிக்கிறார். ஒரு நாளைக்கு எத்தினை தரம் சவுக்காரம் போட்டுக் கை கழுவுறார் எண்டு சொல்லேலாது. தோலெல்லாம் வெடிச்சுப்போச்சு. கேட்டால், 'இது அம்மாவையே சாகக் குடுக்கப் பாத்த கை' எண்டுறார். அப்பிடி என்ன மாமி நடந்தது?"

கடைக்காரர் பருப்பு நிறுத்துக்கொண்டே காதை எங்கள் பக்கம் வைத்திருந்தார். "அது பெரிய கதை பிள்ளை. நான் அவனுக்கு எழுதுறன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணீரும் குடிக்காமல் இருந்தேன். ஆறு வருடமாக நான் எழுதாமல் தள்ளிக்கொண்டு வந்த கடிதம் இது.

அதனால் சுற்றி வளைக்காமல் முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உன் கையால் எனக்கு ஒரு கெடுதலும் நடக்கவில்லை. என் காயம் பழுதானதற்குக் காரணம் நான். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் உன்னிடம் சொல்லாமல் இருந்தேன். இனி எழுதப்போவதெல்லாம் அது எப்படி நடந்தது என்பதுதான். வாசிக்கும்போது கோபம் வந்தால் கடிதத்தை மடித்து வை. கோபம் தணிந்தபிறகு மிச்சத்தை வாசி. ஆனால் வாசித்து முடி.

உனக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும்போது நான் தொண்டர் ஆசிரியையாகப் போகத் தொடங்கினேன். சண்டை நடந்த காலம், எங்கள் தீவுக்குப் படிப்பிக்க வர ஆட்கள் பயந்தார்கள். பத்தாம் வகுப்புப் படித்தவர்களையே கூப்பிட்டு வகுப்பில் நிறுத்தினார்கள். வேலை இருந்தது, நியமனம் இல்லை. ஒருநாள் நிரந்தரமாக்குவார்கள் என்ற கதையை நம்பித்தான் நாங்கள் ஏழு பேரும் ஒரு நாள் லீவும் எடுக்காமல் போய் வந்தோம். அந்த நேரம் எனக்கிருந்த தொய்வு, அந்த மூச்சிழுப்பு, உனக்கு நினைவிருக்கும். வாடைக்காற்றுத் தொடங்கினால் நெஞ்சுக்குள் விசிலடிக்கும். கரும்பலகையைத் துடைத்தால் அந்தத் தூளுக்கு மூச்சு நின்றுபோகும். பிள்ளைகள் வாசிப்பை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தீவுக்கு வந்துபோன ஒரு டொக்டர் என்னைச் சோதித்துவிட்டுச் சின்ன வெள்ளைக் குளிசை தந்தார். "அஞ்சு நாளைக்கு மட்டும். நெடுகப் போடக்கூடாது, விளங்கினதோ?" என்று இரண்டு தரம் சொன்னார். விளங்கியது என்று தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் நான் புது மனிசி. கரும்பலகைக்கு முன்னால் நின்று சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து பாட்டுப் பாடினேன். ஐந்து நாள் முடிந்து இரண்டு கிழமை போக விசில் திரும்பவும் வந்தது. யாழ்ப்பாணம் போன நேரம் குளிசை முடிந்த வெறும் மட்டையை ஒரு மருந்துக்கடையில் காட்டினேன். ஒன்றும் கேட்காமல் தந்தார்கள். அன்றைக்குத் தொடங்கியது, ஆறு வருடம். சோக்குப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்க முன்னம் ஒன்று. உனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. தன் நேர்த்திக்கு அந்தோனியார் இரங்கிவிட்டார் என்று அப்பா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாரே, அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. ஏன் ஒளித்தேன் என்றால், தொய்வுக்காரருக்கு நியமனத்துக்கான மருத்துவச் சோதனை சரிவராது என்று யாரோ சொன்னதைக் கேட்டிருந்தேன். யார் சொன்னது என்றுகூட இப்போது ஞாபகமில்லை. பயத்துக்கு ஆதாரம் தேவைப்படுவதில்லை, மகன். ஒரு வார்த்தை போதும்.

பிறகு பித்தப்பையில் கல் வந்தது. சமாதான காலம், கொழும்புப் பாதை திறந்திருந்தது. பெரிய டொக்டர்மார் யாழ்ப்பாணத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். நீ பள்ளிக்கூடத்தில் கடைசியான ஏஎல் சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாய். என்னோடு ஆஸ்பத்திரிக்கு நீதான் வந்தாய். ஒப்பரேசனுக்கு முதல்நாள் டொக்டர் கட்டிலடிக்கு வந்து, "சீனி வருத்தம், பிரஷர், தொய்வு ஏதும் இருக்கோ அம்மா? குளிசை ஏதும் பாவிக்கிறனீங்களோ?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். நீ சுடுதண்ணீர்ப் போத்தலோடு கால்மாட்டில் நின்றாய். "அம்மாவுக்கு முந்தித் தொய்வு இருந்தது டொக்டர்" என்று நீ சொன்னாய். உனக்கு ஞாபகமிருக்கும். நான் என்ன சொன்னேன் என்பதும் ஞாபகமிருக்கும். "அது எப்பவோ. இப்ப ஒண்டுமில்லை. உவன் சும்மா சொல்லுறான்" என்று சிரித்தேன். டொக்டர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவர் கேட்கவேண்டியதைக் கேட்டார். நீ சொல்லவேண்டியதைச் சொன்னாய். அந்தக் கட்டிலடியில் பொய் சொன்னது நான் ஒருத்திதான். குளிசை அந்த நேரமும் என் சேலைத் தலைப்பு முடிச்சுக்குள் இருந்தது.

ஒப்பரேசன் நன்றாக முடிந்தது. வீட்டுக்கு விடும்போது ஒரு மிஸி உன்னை இருத்தி, காயத்துக்கு மருந்து கட்டுவது எப்படி என்று காட்டித் தந்தார். ஊர் ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து நல்ல தூரம். வெட்டின வயிற்றோடு அந்தக் கல்லுப் பாதையில் நாளும் போய்வர ஏலாது என்பதால், நாலு நாளைக்கு ஒருக்கால் அங்கே காட்டி, மிச்ச நாள் நீ கட்டுவது என்று ஏற்பாடு. உன்னை அப்போது பார்த்திருக்கவேண்டும் நீ. குசினியில் தண்ணீர் கொதிக்க வைத்துக் கத்தரிக்கோலை அவிப்பாய். முழங்கை வரை சவுக்காரம் போட்டுத் தேய்ப்பாய். கழுவின கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கதவை முதுகால் தள்ளிக்கொண்டு வருவாய். யாரும் உள்ளே வரக்கூடாது. பார்க்க வந்த மாமியை "காயம் திறந்திருக்கு, பிறகு வாங்கோ" என்று படலையோடு திருப்பி அனுப்பினாய், அவ ஒரு மாதம் உன்னோடு கதைக்கவில்லை. வயிற்றைத் தொட முன்னம், "அம்மா, இப்ப குளிரும்" என்று சொல்லித்தான் ஸ்பிரிட் வைப்பாய். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தப் பக்குவம் எங்கிருந்து வந்தது என்று நான் முகட்டைப் பார்த்துக்கொண்டு யோசிப்பேன். ஒவ்வொரு நாளும் ஒரு கொப்பியில் எழுதியும் வைத்தாய். தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று ஒருநாள் கட்டுக் கட்டிக்கொண்டே சொன்னாய். "ஆம்பிளைப் பிள்ளைக்கு உது என்ன வேலை?" என்று அப்பா கேட்டதற்கு, "வருத்தக்காரரில ஆம்பிளையளும் இருக்கினந்தானே அப்பா" என்றாய். அடுத்த கிழமை படிவத்தை எடுப்பித்து நிரப்பி அலுமாரியில் வைத்தாய்.

ஒன்பதாம் நாள் நீ சொன்னதை மட்டும் நான் மறக்கவே இல்லை. "அம்மா, காயம் ஆறுறமாதிரித் தெரியேல்லை. ஓரமெல்லாம் வெளிறிப்போய்க் கிடக்கு. ஆனால் சிவப்பும் இல்லை, சூடும் இல்லை, வீக்கமும் இல்லை. உங்களுக்கு நோகுதோ?" எனக்கு நோகவில்லை. காய்ச்சலும் இல்லை. "ஒருக்கா யாழ்ப்பாணம் போய்க் காட்டுவம்" என்றாய். "நோவுமில்லை, காய்ச்சலுமில்லை, என்னத்தைக் காட்ட? திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போகவேணும்" என்று உன்னை அடக்கினேன். நீ இரண்டு நாள் கேட்டாய், இரண்டு நாளும் மறுத்தேன். பதினோராம் நாள் காலை நான் கதிரையை விட்டு எழும்பி, எழும்பின இடத்திலேயே விழுந்தேன். உடம்பு பச்சைத் தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது. நீ கட்டை அவிழ்த்தபோது தையலுக்குள்ளிருந்து சீழ் வந்தது. மேலே ஒன்றும் காட்டாமல் உள்ளே அவ்வளவும் பழுத்துக் கிடந்திருக்கிறது.

அன்றைக்குச் சோளகக் காற்றில் கொந்தளிக்கிற கடல். பயணிகளை ஏற்றுகிற லோஞ்சுப் படகை விடவில்லை. அப்பா அதே லோஞ்சில் இயந்திரக்காரர்தான், என்றாலும் அவர் தனியே முடிவெடுக்க ஏலாது. ஊர் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிவிட்டு உடனே கொண்டுபோகச் சொன்னார்கள். அப்பா துறைமுகத்தில் நேவிக்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டதை நீ பார்த்தாய் என்று பிறகு சொன்னாய். எனக்கு நினைவு வந்து வந்து போனது. கடைசியில் விட்டார்கள். அக்கரையில் குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் அப்பா கீழே இயந்திரத்தோடு, நீ மேலே என்னோடு. அலை ஏறி அடிக்கும்போதெல்லாம் உப்புத்தண்ணீர் காயத்தில் படாமல் நீ பொலித்தீனைப் பிடித்துக்கொண்டு உன் முதுகைக் கொடுத்தாய். "அம்மா, கண்ணை மூடாதேங்கோ, என்னோட கதையுங்கோ" என்று விடாமல் சொன்னாய். என்ன கதைக்கிறது என்று கேட்டேனாம். "ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்கோ ரீச்சர்" என்றாயாம். நான் சொன்னேனாம், ஏழெட்டில் பிழைவிட்டேனாம். இதைச் சொல்லி அப்பா இன்றைக்கும் சிரிப்பார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்பார்.

இனித்தான் நான் எழுதப் பயந்த இடம். ஆஸ்பத்திரியில் என்னைக் கட்டிலில் கிடத்தி, கட்டை அவிழ்த்த மிஸி நிமிர்ந்து, "ஆர் இதைக் கட்டினது?" என்று கேட்டார். நீ, "நான்தான் மிஸி" என்றாய். அவர் ஏசவில்லை. ஒரு பெருமூச்சு மட்டும் விட்டார். எல்லாரும் உன் கைகளைப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய். நனைந்த சேட்டோடு நின்று, கையிரண்டையும் விரித்து, யாருடையதோ கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாய். எனக்கு அந்த நேரம் முழு நினைவு இருந்தது மகன். மயக்கத்தில் இருந்தேன் என்று சொல்லித் தப்ப எனக்கு வழியில்லை. குளிசை மட்டை என் பையில் இருந்தது. அது காயத்தோடு தொடர்புள்ளது என்று எனக்கு அப்போது திட்டமாகத் தெரியாது, ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று சொன்னது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திரும்பவும் ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோய்க் காயத்தைத் திறந்து கழுவினார்கள். மூன்றாம் நாள் ஒரு இளம் பெண் டொக்டர் வந்தார். என் முழங்கையை மெல்லத் திருப்பிப் பார்த்தார். கடதாசிபோல மெலிந்த தோலில் அங்கங்கே கன்றியிருந்தது. என் முகத்தைப் பார்த்தார். அந்த வருடங்களில் நான் கொழுத்துவிட்டேன் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்களே, அந்த உருண்டை முகத்தை. உன்னைத் தேத்தண்ணீர் வாங்க அனுப்பிவிட்டுக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். "அம்மா, நான் ஒருத்தரையும் ஏசமாட்டன். என்ன குளிசை போடுறனீங்கள்?" என்று கேட்டார். ஏசமாட்டேன் என்ற சொல்லுக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. பையைத் திறந்து மட்டையைக் கொடுத்தேன். எத்தனை வருடம் என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்ணை ஒருக்கால் மூடித் திறந்தார்.

அவர் சொன்னதை நீ அன்று கேட்டிருக்கவேண்டும். எனக்கு ஏறக்குறையச் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. "ரத்தத்தில வெள்ளை அணுக்கள் எண்டு இருக்கம்மா. எல்லாரும் அதை இராணுவம் மாதிரி எண்டுதான் சொல்லிக் குடுக்கிறவை. இங்க இருக்கிற ஆக்களுக்கு எனக்கு அப்பிடிச் சொல்ல வாய் வாறேல்லை. அதுகள் வேலைக்காரர் எண்டு வையுங்கோ. கிருமி வந்தால் ஓடிப்போய் அதைத் தின்னிறது அதுகள்தான். காயம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்கிறது, நோகிறது, காய்ச்சல் வாறது, இதெல்லாம் அதுகள் வேலை செய்யிற சத்தம். பெரிய ஒப்பரேசன் ஒண்டு நடந்தால் ஆருக்குமே கொஞ்ச நாளைக்கு அதுகள் களைச்சுப்போய்த்தான் கிடக்கும். உங்களுக்கு அதுக்கு மேல ஆறு வருசக் குளிசை. இந்த ஸ்டீரொயிட் தொய்வை அடக்கிறதே அதுகளை 'இரு' எண்டு சொல்லி இருத்தித்தான். கிருமி வந்தும் அதுகள் எழும்பேல்லை. அதாலதான் சத்தமே இல்லாமல் உள்ளுக்குப் பழுத்தது." நான் கேட்டேன்: "அப்ப, என்ர மகன் கட்டினது பிழையில்லையோ?" அவர் கொப்பியைக் கேட்டு வாங்கினார். நீ கட்டிலடியில் வைத்திருந்தாய். ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். "இது பயிற்சி எடுத்த ஆள் எழுதினமாதிரி இருக்கு. ஒன்பதாம் நாளே ஏதோ பிழை எண்டு எழுதியிருக்கிறார். நான் பாத்திருந்தாலும் அண்டைக்கு இதுக்கு மேல ஒண்டும் கண்டுபிடிச்சிருக்க மாட்டன். ஒப்பரேசனே செய்யாமல் இந்தக் குளிசையோட இருந்திருந்தாலும் ஒருநாள் ஒரு முள்ளுக்குத்தே உங்களை விழுத்தியிருக்கும்" என்றார். எழும்பும்போது, "அவரிட்டச் சொல்லுங்கோ அம்மா. அவர் தன்னிலதான் பிழை எண்டு நினைக்கிறார். நேற்று என்னட்ட வந்து, கை கழுவினதில எங்க பிழைவிட்டனான் எண்டு கேட்டவர்" என்றார். நான் சொல்லுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் நம்பிப் போனார்.

நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியால் வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்தபிறகு, சொன்னால் அப்பாவுக்குத் தெரியவரும், அப்பா வாய் தவறி யாரிடமாவது சொன்னால் நியமனம் போய்விடும் என்று நினைத்தேன். அந்த டொக்டர் குளிசையைத் திடீரென்று நிறுத்தாமல், மாதக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தொய்வுக்கு வாயால் இழுக்கிற மருந்து தந்து என்னை மீட்டெடுத்தார். ஏன் மாதாமாதம் யாழ்ப்பாணம் போகிறேன் என்று நீ கேட்டதற்கு, காயம் காட்ட என்று இன்னொரு பொய் சொன்னேன். காயம் திரும்ப மூட ஏழு கிழமை எடுத்தது. அந்த ஏழு கிழமையும் ஊர் ஆஸ்பத்திரிக்கு வண்டிலில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனாய். நீ கட்டவில்லை. கட்டும்போது உள்ளே வரவும் இல்லை. வேப்பமரத்தின் கீழ் நின்றாய்.

அடுத்த வருடம் நியமனத்துக்கு மருத்துவச் சோதனை வந்தது. ஒரு வயதுபோன டொக்டர் பழைய வருத்தம் ஏதும் உண்டோ என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல இனித் தெம்பில்லை. தொய்வு இருக்கிறது, இழுக்கிற மருந்து பாவிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, போய்விட்டது என்று எழும்பப் பார்த்தேன். அவர் சிரித்தார். "இருங்கோ ரீச்சர், எங்க போறியள்? தொய்வுக்காரர் எத்தினை பேர் படிப்பிக்கினம். ஈரத்துணியால பலகையைத் துடையுங்கோ" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். நான் வெளியே வந்து அந்தக் கட்டடத்துப் படியில் இருந்து அழுததை, வேலை கிடைத்த சந்தோஷம் என்று மற்ற ரீச்சர்மார் நினைத்தார்கள். எதற்காக அவ்வளவும் ஒளித்தேனோ, அது ஒளிக்கவே தேவையில்லாத ஒன்று. என் வயிற்றில் இரண்டாம் வெட்டு, உன் மனதில் ஒரு வெட்டு. இரண்டும் ஒரு வதந்தியை நம்பினதுக்கு.

அன்று வீட்டுக்கு வந்து நியமனத்துக்கான கடதாசிகளை வைக்க அலுமாரியைத் திறந்தபோது உன் படிவம் கிடந்தது. முடிவு நாள் தாண்டியிருந்தது. ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன். "எனக்கு ரத்தம் பாக்க ஏலாது அம்மா" என்றாய். அது பொய் என்று உலகத்தில் யாரையும்விட எனக்குத்தான் தெரியும். அந்த இடத்தில் வாய் திறந்திருந்தால் போதும், எல்லாம் சரியாகியிருக்கும். நான் படிவத்தைத் திரும்ப மடித்து வைத்தேன். ஆறு மாதத்தில் நீ திருகோணமலைக்கு, சித்தப்பாவின் இரும்புக்கடைக்குப் போய்விட்டாய்.

மன்னிப்பு என்று ஒற்றைச் சொல்லில் கேட்டு முடிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ இப்போது மன்னிக்கவும் வேண்டாம். ஆறுதலாக யோசி. ஆனால் மற்ற விஷயம் காத்திருக்காது. சண்டை முடிந்த இந்த வருடம் எத்தனை தாய் தகப்பன் கையில் படத்தை வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தேடித் திரிகிறார்கள் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. உன் பிள்ளை கைக்கெட்டிய தூரத்தில் படுத்திருக்கிறாள். ஒருக்கால் கையைக் கழுவு. ஒருக்கால் போதும். துடைத்துவிட்டுத் தூக்கு. கழுத்துக்குக் கீழே ஒரு கை கொடுக்கவேண்டும் என்று நான் சொல்லவேண்டியதில்லை, அது உனக்குத் தெரியும். ஜெசிந்தாவின் காயத்தையும் நீயே பார். சிவப்போ, சூடோ, நோவோ இருந்தால் பதறாதே. அது அவளுடைய உடம்பு விழித்திருக்கிற சத்தம். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டு. சத்தமே இல்லாமல் ஆறாமல் கிடந்தாலும் காட்டு. டொக்டர்மார் கேட்டால் உள்ளதெல்லாம் சொல்லச் சொல்லு, அவள் குடித்த கசாயம் வரைக்கும். என் பிள்ளைக்கு நான் வைத்துவிட்டுப் போகக்கூடிய புத்தி இது ஒன்றுதான். நோயை ஒளிக்கலாம், மருந்தை ஒளிக்கலாம், ஆனால் அதன் செலவை எப்போதும் பக்கத்தில் நிற்கிற ஆள்தான் கட்டவேண்டி வரும்.

இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் விசாரித்துப் பார்த்தேன். தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க உனக்கு இன்னும் வயது இருக்கிறதாம். உன்னை நெருக்கவில்லை. குடும்பக்காரன், கடை வேலை, எல்லாம் எனக்குத் தெரியும். ஜெசிந்தாவிடம் நான் சொல்லவுமில்லை. நீ மறுத்தாலும் நான் கேட்கமாட்டேன். ஆனால் ரத்தம் பார்க்க ஏலாது என்று மட்டும் இனி என்னிடம் சொல்லாதே.

இவ்வளவும் சனிக்கிழமை எழுதினது. ஞாயிறு பூசை முடிந்து வந்து, ஒட்ட முன்னம் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியவந்தது. வாசித்து முடித்ததும் சேட்டைப் போட்டுக்கொண்டு எழும்பித் துறைமுகத்துக்குப் போய்விட்டார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. இனி இந்த மனிசன் என்னோடு கதைக்கமாட்டார் என்று நினைத்துச் சோறை மூடி வைத்தேன். பின்னேரம் வந்தார். கை கால் கழுவிக்கொண்டு குசினி வாசலில் நின்று, "அண்டைக்கு அந்தப் பொடியன் கடலில என்ன பாடுபட்டவன்" என்றார். நான் அழுதேன். அவர் தானே சோற்றைப் போட்டுச் சாப்பிட்டார், எனக்கும் ஒரு தட்டில் போட்டு வைத்தார். சாப்பிட்டு முடித்துக் கடிதத்தைக் கேட்டார்.

"இதைத் தபாலில போடவேண்டாம்" என்றார். "ஏன்?" என்றேன். "பாதியில மடிச்சு வைச்சிடுவான். என்ர பிள்ளை என்னை மாதிரி." அவர் லீவு கேட்டுவிட்டார். பயணத்துக்கு ஆமி தரவேண்டிய பாஸுக்கும் எழுதிக் கொடுத்து, நேற்று அதுவும் கைக்கு வந்தது. நாளை விடிய முதல் லோஞ்சில் போகிறார். இத்தனை வருடம் மற்றவர்களை ஏற்றி இறக்கின மனிசன், தான் ஒரு பயணியாகக் கடைசியாக எப்போது போனாரோ தெரியாது. யாழ்ப்பாணம் போய், வவுனியாவால் சுற்றி, உன்னிடம் வந்து சேர இரண்டு நாள் பிடிக்கும். பேத்திக்கு ஒரு சின்னச் சட்டையும் ஜெசிந்தாவுக்கு மிளகாய்த்தூளும் கொடுத்துவிடுகிறேன்.

ஆகவே நீ இந்த வரியை வாசிக்கும்போது அப்பா உனக்கு முன்னால்தான் இருப்பார். நீ வாசித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பார். ஜெசிந்தா பிள்ளையைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டியிருப்பாள், அவர் வாங்கியிருக்கமாட்டார். அவளுக்கு அது விளங்கியிருக்காது, மாமா கோபமாக வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பாள். கோபமில்லை. தன் பேத்தியை உன் கையால்தான் வாங்குவேன் என்று இங்கிருந்து சொல்லிக்கொண்டுதான் வெளிக்கிடுகிறார். மனிசன் இரண்டு நாள் பஸ்ஸில் வந்த களைப்போடு இருக்கிறார். அவரைக் கனநேரம் காக்கவைக்காதே, ராசா. எழும்பு.

அம்மா